ஒரிஜினல் ஸ்கேலும் ஒரு சுருதி விலகலும்: பாட்டுப் போட்டி மேடையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டி ஒன்றில் பத்துப் பேர் எஞ்சியிருந்த கட்டத்தில் நடந்தது இது. போட்டியாளர் இருபத்தொரு வயதுப் பெண். சிறுவயதிலிருந்து கர்நாடக சங்கீதம் கற்றவர், சாதகம் செய்வது ஐந்தரைக் கட்டையில் (கட்டை என்பது ஆதார சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு). குரல்தேர்வு தொடங்கி ஏழு சுற்றுகள் வரை சுருதி பற்றி அவர் மீது ஒரு குறையும் வந்ததில்லை.

மூன்று நிரந்தர நடுவர்கள், ஆளுக்குப் பத்து மதிப்பெண். பக்கவாத்தியம் நேரடி இசைக்குழு, கூடவே கிளிக் என்ற தாளத் தட்டலோடு ஓடும் சீக்வென்ஸ், அதாவது முன்கூட்டியே பதிந்த இசைத்தடம். இரண்டு வாரத்துக்கு ஒரு நாள் பதிவு. அந்த ஒரே நாளில் இரண்டு எபிசோடுகளை எடுத்துவிடுவார்கள். போட்டியாளர் காலை ஏழு மணிக்கு வர வேண்டும். ஒப்பனை, சவுண்ட் செக், கேமரா ஒத்திகை, முன்னோட்டத்துக்கான பைட் என்ற சிறு பேட்டி, மற்றவர் பாடும்போது கைதட்டி ஆரவாரிக்கும் காட்சிகள் எல்லாம் முடிந்து மேடையேறும்போது இரவு எட்டு மணியாகிவிடும். பாடுவது நாலரை நிமிடம். அதற்கு முன்பு குளிரூட்டிய அரங்கில் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்திப் பேசுவது குறைந்தது நாலைந்து மணி நேரம். குரலுக்கு அன்றைய பெரிய சுமை இந்தப் பேச்சுதான். நிகழ்ச்சி அட்டவணையில் இதைக் கணக்கில் எடுப்பவர் யாருமில்லை.

எட்டாவது சுற்றுக்கு அவருக்குத் தரப்பட்டது ஈ மைனரில், அதாவது மூன்று கட்டையில் அமைந்த துள்ளலான பாடல். பல்லவி கீழே ஜி3 வரை இறங்கும் (எழுத்து ஸ்வரத்தையும் எண் ஸ்தாயியையும் குறிக்கும்). சரணத்தில் மெட்டு மேல் ஸ்தாயிக்குப் போய் டி5 என்ற ஸ்வரத்தில் நாலு அட்சரம், அதாவது தாளத்தின் நாலு எண்ணிக்கை, நிற்கும். ஒரு சரணத்துக்கு மூன்று முறை, இரண்டு சரணம், ஆக ஆறு முறை.

அவர் சாதகத்தில் மேல் பஞ்சமம் வரை போவார். ஐந்தரைக் கட்டைக்கு அது டி5-ஐ விட அரை ஸ்வரம் மேலே. அதனால் "இந்தக் குரலுக்கு இது ஒன்றுமே இல்லை" என்று ஒரிஜினல் ஸ்கேலிலேயே, அதாவது மூலப் பாடலின் சுருதியிலேயே, பாடலைப் பூட்டிவிட்டார்கள். கமகத்தில், அதாவது குரலை அசைத்துப் பாடும்போது, ஒரு ஸ்வரத்தைத் தொட்டு வருவது வேறு, டிரம்ஸும் கிடாரும் முழங்க அதே ஸ்வரத்தில் நெஞ்சுக் குரலோடு நிற்பது வேறு. பாட்டுத் தேர்வுப் படிவத்தில் "அதிகபட்ச ஸ்வரம்" என்று ஒரு கட்டம் இருந்தது. அங்கே எத்தனை நேரம் நிற்க வேண்டும் என்று கேட்கும் கட்டம் இல்லை.

எட்டாவது சுற்று: மேடையில் கேட்டது

முதல் பல்லவி நன்றாக இருந்தது. முதல் சரணத்தின் மூன்றாவது நிற்றலில் குரல் லேசாகச் சரிந்தது. இரண்டாம் சரணத்தில் சரிவு எல்லோர் காதுக்கும் எட்டியது. பாதிப் பாட்டில் அவர் இடது காதிலிருந்த இன்-இயரை (பாடுபவர் தன் குரலையும் இசையையும் கேட்கக் காதுக்குள் பொருத்தும் கருவி) கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார். மேடைப் பழக்கமுள்ளவர்களுக்கு இது ஒரு சைகை: தன் குரலோ சுருதியோ காதில் சரியாகக் கிடைக்கவில்லை என்று பொருள். அன்று அதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

நடுவர்களில் மூத்தவர் சொன்னது: "சுருதி நிக்கலம்மா. மேல போனா எல்லாமே கீழ விழுது. சாதகம் பத்தல, உக்காந்து பாடணும்." அடுத்த நடுவர், "ஒரிஜினல் ஸ்கேல்லயே எடுத்தீங்க பாருங்க, அந்தத் துணிச்சலுக்கே கைதட்டணும்" என்றார். மூன்றாமவர் உடல்மொழியைப் பாராட்டினார். மதிப்பெண்கள் முறையே ஆறரை, எட்டு, ஏழரை. வெளியேற்றத்துக்கு உள்ளாகும் ஆபத்துக் கட்டத்துக்கு அரை மதிப்பெண் மேலே நின்றார்.

ஒரே மேசையிலிருந்து இரண்டு கட்டளைகள் வந்தன என்பதை இங்கே கவனிக்க வேண்டும்: ஸ்கேலை விடாதே, இன்னும் அதிகமாகச் சாதகம் செய். அவர் இரண்டுக்கும் "சரிங்க சார்" என்றார். இரண்டையும் அப்படியே செய்தார்.

ஒளிபரப்புக்குப் பின்

பதிவுக்கும் ஒளிபரப்புக்கும் இடையே நான்கு நாள் இருந்தது. அதற்குள் ஒலிச்சேர்க்கையில் குரல் தடத்துக்குச் சுருதித் திருத்தம் செய்துவிட்டார்கள். ஆகவே வீட்டில் பார்த்தவர்களுக்கு டி5 டி5-ஆகவே கேட்டது. அந்த ஸ்வரம் முடிந்த மறுநிமிடமே மூத்த நடுவர் "சுருதி நிக்கல" என்று சொல்வதையும் பார்த்தார்கள். ஓரவஞ்சனை என்று சமூக ஊடகங்களில் அவரை ஏசாதவர் இல்லை. அவர் கேட்டது உண்மை. மக்கள் கேட்டதும் அவர்கள் காதுக்கு உண்மை. இரு தரப்பும் கேட்டவை வெவ்வேறு ஒலித்தடங்கள் என்பதுதான் வெளியே தெரியாத விஷயம்.

இது புதிய சிக்கல் அல்ல. 2010-ல் பிரிட்டனின் எக்ஸ் ஃபேக்டர் நிகழ்ச்சியில் குரல்தேர்வுப் பாடல்களுக்கு ஆட்டோட்யூன் என்ற சுருதித் திருத்த மென்பொருள் பயன்பட்டது தெரியவந்தபோது பெரும் சர்ச்சை எழுந்தது, அந்தப் பருவத்தின் மீதிப் பகுதிக்கு அது கைவிடப்பட்டது. குழுப் பாடலுக்கோ கொண்டாட்ட எபிசோடுக்கோ திருத்தம் செய்வதில் யாருக்கும் இழப்பில்லை. மதிப்பெண் தரப்படும் தனிப்பாடலில் செய்தால் பாதிப்பு நடுவருக்கு, அவர் வழியாகப் போட்டியாளருக்கு.

அந்த வாரத்துச் சாதகம்

போட்டியாளர் அடுத்த ஐந்து நாளும் வழக்கமான ஒன்றரை மணி நேரச் சாதகத்தோடு கூடுதலாக மூன்று மணி நேரம் பாடினார். விழுந்த அதே வரியை, அதே ஸ்கேலில், முழுக் குரலில், நாளுக்கு நாற்பது ஐம்பது தடவை. டி5-ல் குரல்நாண்கள் விநாடிக்கு 587 முறை மோதுகின்றன. களைத்துப்போன நாண்களை அந்த வேகத்தில் மோதவிட்டால் ஓரங்கள் வீங்கும். வீங்கிய நாண் கனமாகும், கனத்த நாணை அதே ஸ்வரத்துக்கு இழுக்க மூச்சழுத்தம் கூடும், அழுத்தம் கூடினால் வீக்கமும் கூடும். சுருதிக்கு மருந்தாக எடுத்துக்கொண்ட சாதகமே சுருதியைக் கெடுக்கத் தொடங்கியது.

நான்காம் நாள் காலையில் தொண்டை கட்டியிருந்தது. ஐந்தாம் நாள் மெல்லிய குரலில் பாடினால் ஸ்வரத்துக்கு முன்னால் வெறும் காற்று வந்தது. உரக்கப் பாடினால் ஸ்வரம் பேசியது. "உரக்கப் பாடினால் சரியாகிவிடுகிறது" என்று போட்டியாளர் அதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டார். குரல் பயிற்சியாளர் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. வீக்கத்தைக் கண்டுபிடிக்க அவர் வைத்த சோதனை எவரும் செய்து பார்க்கக்கூடியது: மேல் ஸ்தாயியில், பக்கத்தில் தூங்கும் குழந்தை விழிக்காத அளவு மெல்லிய குரலில், துண்டு துண்டாக நாலு ஸ்வரம். நலமான குரலில் ஒவ்வொரு ஸ்வரமும் நினைத்த கணத்தில் பிறக்கும். வீக்கம் இருந்தால் காற்று முதலில் வரும், ஸ்வரம் தாமதித்து வரும், சில ஸ்வரங்கள் வராமலே போகும். இவருக்கு பி4-க்கு மேல் எதுவும் நேரத்துக்குப் பேசவில்லை. அன்றே பாட்டை நிறுத்தச் சொன்னார் பயிற்சியாளர்.

தடங்களைத் தனியே கேட்டபோது

மறுநாள் பயிற்சியாளர், சவுண்ட் இன்ஜினியர், இசைக்குழுத் தலைவர் மூவரும் எட்டாவது சுற்றின் தடங்களைத் தனித்தனியாகப் பிரித்துக் கேட்டார்கள். ஒரு அரைஸ்வரத்தை நூறு பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு சென்ட். திருத்தம் செய்யாத குரல் தடத்தில் முதல் பல்லவி பத்து சென்டுக்குள் நின்றது. இரண்டாம் சரணத்து நிற்றல்கள் சராசரியாக முப்பத்தைந்து சென்ட் கீழே. 587 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டிய ஸ்வரம் 576-ஐ ஒட்டி ஒலித்தது. மூத்த நடுவரின் காது பிசகவே இல்லை.

அதே பாடலை, அதே ஸ்கேலில், முந்தைய நாள் ஒத்திகை அறையில் ஸ்பீக்கர் வைத்துப் பாடிய பதிவும் கிடைத்தது. அதில் சரிவு பன்னிரண்டு சென்ட்தான். ஒரே குரல், ஒரே பாட்டு, ஒரு நாள் இடைவெளி. மிச்சமுள்ள இருபத்துச் சொச்சம் சென்ட் மேடையில்தான் சேர்ந்திருக்கிறது.

இன்-இயர் மிக்ஸை, அதாவது அவர் காதுக்கு அனுப்பிய ஒலிக்கலவையை, திறந்ததும் காரணம் தெரிந்தது. அவர் கேட்டுக்கொண்டபடி அவர் குரலே எல்லாவற்றுக்கும் மேல் வைக்கப்பட்டிருந்தது. தன் குரல் காதில் மிகவும் உரக்கக் கேட்டால் பாடகர் அறியாமலே மூச்சைக் குறைத்துப் பாடுவார், ஸ்வரம் கீழே சாயும். மிகக் குறைவாகக் கேட்டால் தள்ளிப் பாடுவார், மேலே ஏறும். மானிட்டர் மேசையில் உட்கார்ந்தவர்களுக்கு இது பழைய பாடம். சுருதிக்குப் பிடித்துக்கொள்ள மிக்ஸில் இருந்ததோ அலையடிக்கும் ஸ்ட்ரிங்ஸ் பேட் (பின்னணியில் நீண்டு ஒலிக்கும் கீபோர்டு ஒலி) ஒன்றுதான். கோரஸ் எஃபெக்ட் போட்ட பேடில் ஒவ்வொரு ஸ்வரமும் மேலும் கீழுமாக இழுபடும். அதில் சுருதி சேர்ப்பது ஆடும் படகில் நின்று நூல் கோப்பது போல. பேஸ் கிடார் மிக்ஸில் இல்லவே இல்லை.

இன்-இயரின் ரப்பர் முனை அவர் காதுக்குப் பெரிது. சரியாக அடைக்காமல் கீழ் ஒலிகள் கசிந்துபோக, ஈடுகட்ட ஒலியைக் கூட்டியிருந்தார்கள். ஒரு காதைக் கழற்றியதும் மேடை டிரம்ஸ் அந்தக் காதில் நேரே அடித்தது, மறு காதில் ஒலியை இன்னும் கூட்டச் சொல்லிக் கையசைத்திருக்கிறார்.

இன்னொரு விவரம் எவரும் எதிர்பாராதது. சரணத்துக்கு முன்னால் வரும் புல்லாங்குழல் துண்டு பதினைந்து சென்ட் மேலே இருந்தது. குளிர்ந்த அரங்கில் சுருதி பார்த்த குழல் இது. விளக்கு வெப்பத்திலும் மூச்சிலும் உள்ளே காற்று சூடேறினால் குழல் தானாக மேலேறும். குழல் பதினைந்து மேலே முடிக்க, குரல் முப்பத்தைந்து கீழே எடுக்க, கேட்பவர் காதில் விழுந்தது அரை ஸ்வரத்தில் பாதி. நடுவர் முகம் சுளித்தது இந்த இடத்தில்தான்.

மருத்துவப் பரிசோதனை

காது மூக்கு தொண்டை மருத்துவர் ஸ்ட்ரோபோஸ்கோபி, அதாவது குரல்நாண்களின் அசைவைப் பார்க்கும் பரிசோதனை, செய்தார். இரு நாண்களின் நடு ஓரத்திலும் லேசான வீக்கம், இரத்தக் கசிவு இல்லை, முடிச்சு கட்டவில்லை. மூன்று நாள் முழு மௌனம், பிறகு படிப்படியாகக் குரல். கிசுகிசுப்பதும் கூடாது, அதற்கும் தொண்டையை இறுக்கித்தான் ஆக வேண்டும். தொண்டையைச் செருமுவதற்குப் பதில் ஒரு மடக்குத் தண்ணீர். தலைவலிக்கு அவர் எடுத்துவந்த ஆஸ்பிரின் நிறுத்தப்பட்டது, ஏனெனில் அது இரத்தக் கசிவுக்கு வழிவகுக்கும். பதிவு முடிந்து நள்ளிரவில் சாப்பிட்டு உடனே படுக்கும் வழக்கமும் மாற வேண்டும் என்றார், அமிலம் மேலேறி நாண்களை எரிக்கும்.

தயாரிப்புத் தரப்பிலிருந்து ஒரு கேள்வி வந்தது: ஸ்டீராய்டு ஊசி போட்டால் பதிவுக்கு நிற்பாரா? நிற்பார், ஆனால் வேண்டாம் என்றார் மருத்துவர். ஊசி வீக்கத்தை வடிக்கும், களைப்பை ஆற்றாது. குரல் சரியாகிவிட்டதாக நம்பிப் பாடகர் முழுப் பலத்தோடு பாடுவார், அப்போதுதான் நாணில் இரத்தம் கசிய வாய்ப்பு. பதில் தெளிவாக இருந்ததால் யாரும் மறுபடி கேட்கவில்லை.

எடுத்த முடிவுகள்

போட்டி விதிகளில் மருத்துவ விடுப்பு கிடையாது. பாடாவிட்டால் வெளியேற்றம். பதிவுக்கு ஏழு நாள்தான் இருந்தது.

பாடும் வரிசையில் அவரைக் காலைக்கு மாற்றலாம் என்ற யோசனை கைவிடப்பட்டது. வரிசை சீட்டுக் குலுக்கலில் விழுந்தது. பாடும் வரிசையே மதிப்பெண்ணைத் தொடும் என்பதற்குச் சான்று உண்டு: பிரஸ்ஸல்ஸில் நடக்கும் எலிசபெத் மகாராணி இசைப் போட்டியை ஆராய்ந்து 1996-ல் வந்த கட்டுரை, குலுக்கலில் விழும் வரிசைகூட இறுதித் தரவரிசையைப் பாதித்ததைக் காட்டியது. ஒருவருக்காக வரிசையைக் கலைத்தால் மற்ற ஒன்பது பேருக்கு அது அநீதி. அதற்குப் பதிலாக அவருடைய பைட் நிறுத்தப்பட்டது, ஆரவாரக் காட்சிகளில் கைதட்டினால் போதும் என்றார்கள், வருகை நேரம் பிற்பகல் இரண்டாக மாறியது. இவை யாருடைய மதிப்பெண்ணையும் தொடாதவை.

அடுத்த பாட்டும் ஈ மைனர், அதுவும் டி5-ல் நிற்பது. ஸ்கேலை டி மைனருக்கு, அதாவது இரண்டாம் கட்டைக்கு இறக்க முடிவாயிற்று. மேல் ஸ்வரம் சி5 ஆகும். போட்டியாளரே முதலில் மறுத்தார். "ஸ்கேலை இறக்கினா மார்க்கு குறைச்சிருவாங்க மேடம்" என்று மௌன நாளில் நோட்டில் எழுதிக் காட்டினார். ஆதாரமற்ற பயம் அல்ல இது. ஒரிஜினல் ஸ்கேலுக்காகவே பாராட்டும் மேசையின் முன்னால் பாடுபவர் எவருக்கும் தோன்றுவதுதான். மதிப்பெண் விதிகளைப் படித்துப் பார்த்தபோது ஸ்கேல் பற்றி ஒரு வரியும் இல்லை. அந்த வரி இல்லாததைக் காட்டிய பிறகே ஒப்புக்கொண்டார்.

இறக்குவதற்கு விலையும் உண்டு. பல்லவியின் அடி ஸ்வரம் எஃப்3-க்குப் போனது. மந்தர ஸ்தாயியில், அதாவது கீழ் ஸ்தாயியில், சாதகம் இருந்ததால் அது அவருக்கு எட்டும், ஆனால் இசைக்குழுவுக்குள் மூழ்கிவிடும். அந்த ஒரு வரிக்கு மட்டும் மைக்கை உதட்டிலிருந்து இரண்டு விரற்கடைக்குள் கொண்டுவரப் பழக்கினார்கள். நெருக்கத்தில் கீழ் ஒலி தானாகத் தடிக்கும். மேல் வரிகளில் ஒரு சாண் தள்ளிப் பிடிக்க வேண்டும். நான்கு தந்தி பேஸ் கிடாரின் அடித்தந்தி ஈ. டி வேண்டுமானால் தந்தியைத் தளர்த்த வேண்டும். பாட்டுக்குப் பாட்டு மாற்றினால் மறதியில் அடுத்தவர் பாட்டு கெடும் என்று இன்னொரு பேஸ் கிடாரைத் தளர்த்தித் தனியே வைத்தார்கள்.

மிக்ஸில் குரல் நாலு டெசிபெல் குறைந்தது. பேட் முழுக்க வெளியே, பியானோ ஒலி நடுவில், பேஸ் உள்ளே. ரப்பர் முனை சிறிய அளவுக்கு மாறியது. அரங்க ஒலி கொஞ்சம் கலக்கப்பட்டதால் காதைக் கழற்றும் தேவை குறைந்தது. குழலுக்குச் சுருதி பார்ப்பது மேடை விளக்கு எரிந்து கால் மணி நேரம் கழித்து என்றானது.

நாலாம் நாள் முதல் குரல் திரும்பியது: தண்ணீரில் சிறிதளவு அமிழ்த்திய ஸ்ட்ரா வழியாக முனகல், ஐந்து ஐந்து நிமிடமாக நாளுக்கு ஆறு முறை. ஐந்தாம் நாள் அளவான பேச்சு. ஆறாம் நாள் இசைக்குழு ஒத்திகையில் அரைக் குரல். முழுக் குரலில் பாடியது பதிவுக்கு முன் இரண்டே முறை.

ஒன்பதாவது சுற்று

நிற்றல்களில் விலகல் பன்னிரண்டு சென்டைத் தாண்டவில்லை. இரண்டாம் சரணத்தின் கடைசி நிற்றலில் குரல் சற்று மெலிந்தது, விழவில்லை. மதிப்பெண்கள் ஏழரை, ஏழு, எட்டு. முந்தைய சுற்றில் எட்டுத் தந்த நடுவர்தான் இப்போது ஏழு தந்தார். "கொஞ்சம் சேஃபா பாடிட்டீங்க" என்றார். மூத்த நடுவர் சுருதியைப் பற்றிப் பேசவே இல்லை. பேச வேண்டிய தேவை இல்லாமல் போனது.

நடுவர் மேசையில்

நடுவர்களுக்கும் ஒரு தனிக் கூட்டம் நடந்தது. மூத்த நடுவருக்குத் திருத்தம் செய்யாத தடத்தைப் போட்டுக் காட்டினார்கள். தன் காது சரி என்பதில் அவருக்கு நிம்மதி. சாதகம் போதவில்லை என்ற தன் சொல் ஐந்து நாளில் என்ன செய்தது என்று கேட்டதும் வெகு நேரம் பேசாமல் இருந்தார். கேட்டது சரி, காரணம் சொன்னது தவறு. மேசையிலிருந்து இன்-இயர் மிக்ஸ் கேட்காது, தொண்டைக்குள் தெரியாது. கேட்டதை மட்டும் மேடையில் சொல்வது, காரணமும் மருந்தும் பயிற்சியாளர் வழியாகப் போவது என்று முடிவானது. இனி மதிப்பெண்ணை எழுதி வைத்த பிறகே பேச்சு. கண்ணுக்குத் தெரிவது காதை மீறும் என்பதால் இது தேவைப்படுகிறது: 2013-ல் சியா-ஜங் சே வெளியிட்ட ஆய்வில், ஒலியில்லாத காணொளியைப் பார்த்தவர்கள் இசைப் போட்டி வெற்றியாளரை, ஒலியை மட்டும் கேட்டவர்களைவிட நன்றாகக் கணித்தார்கள், தொழில்முறைக் கலைஞர்கள் உட்பட. மேசைக்கு ஹெட்போனும் திருத்தமில்லாத குரலும் வந்தன.

தனிப்பாடலுக்குச் சுருதித் திருத்தம் நிறுத்தப்படவில்லை. கேட்கும் தரம் குறையும் என்று தயாரிப்புத் தரப்பு மறுத்துவிட்டது. மூத்த நடுவர் மீதான ஏச்சு அதனால் முழுதாக ஓயவில்லை. இந்த நிகழ்வில் சரியாகத் தீராத பகுதி இதுவே.

பின்னர்

பத்தாவது சுற்றில் போட்டியாளர் ஆபத்துக் கட்டத்துக்கு வந்து வெளியேறினார். சுருதி காரணமல்ல, மெல்லிசைப் பாட்டில் உணர்ச்சி ஏற்ற இறக்கம் குறைவு என்பது மூவரின் கருத்து. நாண்கள் இன்னும் முழுதாக ஆறாத குரலில் மெலிந்து பாடுவது கடினம் என்பதால் அதுவும் இதன் தொடர்ச்சி என்றே கொள்ளலாம். ஆறு வாரம் கழித்து எடுத்த ஸ்ட்ரோபோஸ்கோபியில் வீக்கம் இல்லை.

மீண்டும் நேர்ந்தால்

காதிலிருந்து இன்-இயரைக் கழற்றிய கணத்திலேயே டேக்கை நிறுத்தியிருக்க வேண்டும். விதிப்படி ஒரு மறு டேக் உண்டு, தொழில்நுட்பக் கோளாறு என்று சவுண்ட் இன்ஜினியர் கையுயர்த்தினால் போதும். அவர் உயர்த்தவில்லை, பாடகர் கேட்கவும் இல்லை, கேட்கலாம் என்றே அவருக்குத் தெரியாது. முதல் சுற்றுக்கு முன்பே இதைச் சொல்லிவைக்க வேண்டும்.

ஒரு பருவத்துக்கு ஒருமுறை, மருத்துவர் கடிதத்தோடு ஒரு சுற்று விலக்கு என்ற விதி எழுதப்பட வேண்டும். அது இருந்திருந்தால் ஒன்பதாவது சுற்றை அவர் பாடியிருக்கவே தேவையில்லை.

பாட்டுத் தேர்வுப் படிவம் மாறிவிட்டது. அதிகபட்ச ஸ்வரம் என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் இப்போது இரண்டு கட்டங்கள்: அந்த ஸ்வரத்தில் மொத்தம் எத்தனை அட்சரம் நிற்கிறது, போட்டியாளர் இசைக்குழுவோடு அதை அடுத்தடுத்து மூன்று முறை பாடிக் காட்டினாரா. இரண்டாவது கட்டத்தில் பயிற்சியாளர் கையெழுத்திட்டால்தான் ஸ்கேல் பூட்டப்படும்.